கண்ணால் காண்பதும் பொய்

“கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்” என்று பாட்டி சொன்னபோது நாங்கள் சிரித்தோம். கண்ணால் கண்டது எப்படிப் பொய்யாகும்?

2023 மார்ச் மாதம் ஒரு படம் உலகை வலம் வந்தது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், மெத்தை போல் உப்பிய வெள்ளைக் குளிர்கோட்டு அணிந்து நடந்து வருகிறார். எத்தனையோ பேர் அதை நம்பினார்கள். அது புகைப்படமே அன்று. ‘மிட்ஜர்னி’ என்னும் செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் ஒருவர் சில சொற்களைக் கொடுக்க, அது செய்து தந்த படம். எண்ணற்ற படங்களைப் பார்த்துப் பழகிய அக்கருவி கேட்டதைத் தீட்டும். உண்மையா என்று கேளாது. உற்று நோக்கியவர்களுக்கு, மார்பில் தொங்கிய சிலுவையின் சங்கிலி ஒருபுறம் மட்டுமே இருப்பது தெரிந்தது. ஆனால் உற்று நோக்கியவர் எத்தனை பேர்? இத்தகைய போலிப் படங்களுக்குத் தாமும் ஆளானதைத் திருத்தந்தையே 2024-ஆம் ஆண்டு சமூகத் தொடர்பு நாள் செய்தியில் குறிப்பிட்டார்.

குளிர்கோட்டால் எவருக்கும் தீங்கில்லை. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் நடந்ததோ வேறு. பிள்ளை பிடிப்போர் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியிருந்த நேரம். குலதெய்வக் கோயிலுக்குச் சென்ற ஒரு குடும்பம் வழியில் காரை நிறுத்தியது. அவர்களுள் 65 வயதுப் பாட்டி ஒருவர் அங்கிருந்த சிறுவர்களுக்கு மிட்டாய் கொடுத்தார். கூட்டம் கூடி அவரை அடித்தே கொன்றுவிட்டது. மிட்டாய் கொடுக்காத பாட்டி நம்மில் யாருக்கு உண்டு?

அந்த ஆண்டு இந்தியாவில் பரவிய ‘பிள்ளை பிடிக்கும்’ வீடியோ ஒன்று கராச்சியில் எடுக்கப்பட்டது. குழந்தைகளின் பாதுகாப்புக்கான விழிப்புணர்வுப் படம் அது. குழந்தையைத் திருப்பிக் கொடுக்கும் கடைசிப் பகுதியை யாரோ வெட்டி விட்டார்கள். அதற்குச் செயற்கை நுண்ணறிவு தேவைப்படவில்லை. அவ்வாண்டு ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டு வந்தது.

பொய் ஏன் இவ்வளவு விரைகிறது? அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர் மூவர், 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் பரவிய சுமார் 1,26,000 செய்திகளை ஆராய்ந்து 2018-இல் முடிவை வெளியிட்டனர். உண்மையைக் காட்டிலும் பொய் மறுபடி பகிரப்படும் வாய்ப்பு 70 சதவீதம் அதிகம். 1,500 பேரைச் சென்றடைய உண்மைக்குப் பொய்யைவிட ஆறு மடங்கு நேரம் பிடித்தது. பரப்பியது இயந்திரங்கள்தாம் என்று நினைப்போம். அவற்றைக் கழித்துப் பார்த்தபோதும் முடிவு மாறவில்லை. பரப்பியவர்கள் மனிதர்களே.

அந்த மனிதர்களுள் நாங்களும் உண்டு. சென்ற மழைக்காலத்தில் ஒரு குரற்செய்தி வந்தது. பள்ளி வாசலில் தின்பண்டம் விற்பவர்கள் பிள்ளைகளைக் கடத்துகிறார்கள் என்று ஒரு தாய் அழுதாள். ஊர்ப் பெயரில்லை, தேதியில்லை. வீட்டில் அம்மாவின் கைபேசி எங்கள் கையில்தானே! தங்கைகள் பத்திரமாக இருக்க வேண்டுமென்றுதான் அனுப்பினோம். மறுநாள் காலை, எங்கள் வாசலில் பல்லாண்டுகளாக விற்றுவந்த கொய்யாக்காய்த் தாத்தாவைப் பெற்றோர் சிலர் சூழ்ந்துகொண்டு ஆதார் அட்டை கேட்டார்கள். கூடை கவிழ்ந்தது. சிஸ்டர் ஓடிச்சென்று விலக்கினார்கள். அடி விழவில்லை. சாக்கடை ஓரம் உருண்ட காய்களைத் தாத்தா ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். நாங்கள் வராந்தாவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

“உனக்கு யார் அனுப்பினார்?” என்று சிஸ்டர் வகுப்பில் ஒவ்வொருவராகக் கேட்டார்கள். எங்களுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்து, எவருக்கும் தெரியாத ஓர் எண்ணில் போய் நின்றது. அழுத குரல் மெய்யான தாயின் குரல்தானா? மூன்று விநாடிப் பதிவிலிருந்தே ஒருவர் குரலைப் போலச் செய்யும் முறையை 2023 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர் வெளியிட்டுவிட்டனர். எங்களுக்கு அது பிறகுதான் தெரிந்தது. தெரிந்திருந்தால் மட்டும் அனுப்பாமல் இருந்திருப்போமா என்பதும் ஐயமே.

தாத்தா இப்போது பேருந்து நிலையத்தில் விற்கிறார். மன்னிப்புக் கேட்கப் போனோம். “கடன் சொல்லிப் போன பிள்ளைகளா?” என்று சிரித்து, உப்பும் மிளகாய்த்தூளும் தடவி ஆளுக்கொன்று கொடுத்தார். பள்ளி வாசலுக்கு வரச் சொன்னோம். “வேண்டாம் கண்ணு” என்றார்.