வீட்டிலேயே ஒரு பத்திரிகைத் தாங்கி

படிக்கக் கற்றவர் வீட்டில் நாலு புத்தகம் சேரும். வாரப் பத்திரிகை வரும். பிள்ளைகளின் பாடநூல் இருக்கும். இவற்றை எங்கே வைப்பது?

தரையில் போட்டால் ஈரம் ஏறும். கரையான் அரிக்கும். டிரங்குப் பெட்டியில் பூட்டி வைத்தால் பத்திரமாக இருக்கும். ஆனால் கண்ணில் படாது. கண்ணில் படாத புத்தகத்தை யாரும் கையில் எடுப்பதில்லை.

நீச்சல் கற்றவர் அதை மறப்பதில்லை. எழுத்து அப்படி அல்ல. புதிதாகக் கற்றவர் படிக்காமல் விட்டால் எழுத்து மெல்ல மெல்ல மறந்துபோகும். 1988-இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கியது. 1990-இல் கேரளத்தின் எர்ணாகுளம், முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டம் என்று அறிவிக்கப்பட்டது. நாட்டில் அந்தப் பெயர் பெற்ற முதல் மாவட்டம் அதுதான். எழுத்தறிவு பெற்றவர்கள் தொடர்ந்து படிக்க ஊர்களில் வாசிப்பு மையங்கள் வந்தன. மையம் ஊருக்கு ஒன்று. வீட்டுக்கு ஒன்று வேண்டாமா? ஒரு சின்ன மரத்தாங்கி போதும். அதை வீட்டிலேயே செய்யலாம்.

முதலில் அளவு

மரத்தை வாங்கும் முன் பத்திரிகையை அளக்க வேண்டும். பெரும்பாலான வாரப் பத்திரிகைகள் 11 அங்குல நீளம், 8 அங்குல அகலத்துக்குள் அடங்கும். அவற்றைப் படுக்கைவாட்டில் நிறுத்தி வைக்க, உள்ளே 12 அங்குல நீளம் இருந்தால் போதும்.

அளவு டேப்பில் ஒரு பக்கம் அங்குலம் இருக்கும். மறு பக்கம் சென்டிமீட்டர் இருக்கும். 1 அங்குலம் என்பது சுமார் 2½ சென்டிமீட்டர். இரண்டையும் கலந்து அளந்தால் மரம் வீணாகும். தொடக்கம் முதல் முடிவு வரை அங்குலத்திலேயே அளந்து வாருங்கள்.

தேவையான மரம்

பலகை: 4 அங்குல அகலம், ¾ அங்குல கனம்.
பக்கப் பலகை 2. ஒவ்வொன்றும் 10 அங்குலம்.
அடிப்பலகை 1. நீளம் 12 அங்குலம்.

ரீப்பர் சட்டம்: 1½ அங்குல அகலம், ½ அங்குல கனம்.
சட்டம் 5. ஒவ்வொன்றும் 13½ அங்குலம்.

சட்டத்துக்கு ஏன் 13½? அடிப்பலகை 12 அங்குலம். அதன் இரு முனையிலும் பக்கப் பலகையின் கனம் ¾, ¾ சேரும். மொத்தம் 13½.

பழைய மரப்பெட்டியின் பலகையும் உதவும். அதில் உள்ள பழைய ஆணிகளை முதலில் பிடுங்கிவிட வேண்டும். மாமரம் விலை குறைவு. ஆனால் பூச்சி எளிதில் அரிக்கும். வேப்பமரம் அதைவிட நன்றாகத் தாங்கும்.

கடையில் கணக்கு

மரக்கடைக்கு ஓர் அம்மா போனார். கடைக்காரர் சொன்னார்: "ரீப்பர் 8 அடி எடுத்துக்குங்கம்மா. இல்லேன்னா பத்தாது."

அந்த அம்மா கையில் இருந்த தாளைப் பார்த்தார். "வேண்டாம் அண்ணே. அஞ்சு சட்டம். ஒவ்வொண்ணும் பதிமூணரை அங்குலம். மொத்தம் அறுபத்தேழரை. 6 அடின்னா 72 அங்குலம். அறுக்கும்போது தூளாகப் போறதுக்கும் அதிலேயே இடம் இருக்கு. 6 அடியே போதும்."

கடைக்காரர் மறுபேச்சுப் பேசவில்லை. 6 அடி அளந்து கொடுத்தார். இரண்டு அடிக்கான காசு மிச்சம்.

பலகைக்கும் இதே கணக்குதான். 10 + 10 + 12 = 32 அங்குலம். 3 அடி, அதாவது 36 அங்குலம் வாங்கினால் போதும்.

கருவிகள்

ரம்பம், சுத்தியல், டேப், பென்சில், உப்புத்தாள், துளைபோடும் தமரூசி. 2 அங்குல ஆணி 4, 1½ அங்குல ஆணி 20. கருவிகளைத் தெரிந்த தச்சரிடம் இரவல் வாங்கலாம்.

செய்யும் முறை

1. பலகையில் அளவு குறித்துக் குறுக்கே கோடு போடுங்கள். கோடு நேராக இருக்க மூலைமட்டம் வேண்டும். அது இல்லாவிட்டால் கெட்டி அட்டை போட்ட புத்தகத்தின் மூலையை வைத்துக் கோடு இழுக்கலாம்.

2. பலகையை முக்காலி மேல் வைத்து அழுத்திப் பிடித்து அறுங்கள். ஒரு துண்டை அறுத்த பிறகே அடுத்த துண்டை அளக்க வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்துக் குறித்துவிட்டு அறுத்தால், ரம்பம் தின்ற அளவுக்குத் துண்டு குறைந்துபோகும்.

3. துண்டுகளை உப்புத்தாளால் தேயுங்கள். சிராய் கையில் ஏறாமல் இருக்கும்.

4. பக்கப் பலகைகளின் உட்புறத்தில் கீழிருந்து 1 அங்குல உயரத்தில் கோடு போடுங்கள். அடிப்பலகையின் கீழ்ப்புறம் அந்தக் கோட்டில் உட்கார வேண்டும். இப்படி உயர்த்தி வைத்தால் வீடு கழுவும் தண்ணீர் புத்தகத்தைத் தொடாது.

5. ஒருவர் பிடித்துக்கொள்ள, மற்றவர் ஆணி அடிக்கட்டும். பக்கத்துக்கு 2 பெரிய ஆணி.

6. பின்புறம் 3 சட்டம், முன்புறம் 2 சட்டம். இரு புறமும் முதல் சட்டம் கீழிருந்து 1 அங்குல உயரத்தில் வரட்டும். பின்புறத்தில் ஒன்று மேல் விளிம்பில், ஒன்று நடுவில். முன்புறத்தின் இரண்டாம் சட்டம், முதல் சட்டத்துக்கு இரு விரல் மேலே. முன்புறம் தாழ்வாக இருந்தால்தான் பத்திரிகையின் பெயர் வெளியே தெரியும்.

7. சட்டத்தின் முனையில் நேரே ஆணி அடித்தால் மரம் பிளக்கும். முதலில் தமரூசியால் சிறு துளை போடுங்கள். பிறகு முனைக்கு 2 சிறிய ஆணி அடியுங்கள்.

வேலை முடிந்ததும் சிந்திய ஆணிகளைப் பொறுக்கிவிட வேண்டும். குழந்தைகள் காலில் குத்தும். வார்னிஷ் பூசினால் அது நன்றாகக் காய்ந்த பிறகே புத்தகம் வைக்க வேண்டும்.

தாங்கியைச் சுவரை ஒட்டி வைக்காமல் சற்றுத் தள்ளி வையுங்கள். கரையான் சுவர் வழியாகத்தான் அதிகம் வரும். வாரம் ஒருமுறை புத்தகங்களை எடுத்துத் தட்டி வையுங்கள். எல்லோரும் உட்காரும் இடத்தில் தாங்கி இருக்கட்டும். கை எட்டும் தூரத்தில் புத்தகம் இருந்தால் ஓய்வு நேரத்தில் ஒரு பக்கமாவது படிக்கத் தோன்றும்.

பயிற்சி

1. உங்கள் வீட்டில் உள்ள பெரிய பத்திரிகையை அளந்து எழுதுங்கள். அது இந்தத் தாங்கியில் அடங்குமா?
2. இரண்டு தாங்கிகள் செய்ய 10 சட்டம் வேண்டும். மொத்தம் எத்தனை அங்குலம்? எத்தனை அடி ரீப்பர் வாங்க வேண்டும்?
3. அடிப்பலகையைத் தரையிலிருந்து உயர்த்தி வைப்பது ஏன்?
4. உங்கள் ஊர் மரக்கடையில் ஓர் அடி ரீப்பர் என்ன விலை? கேட்டு எழுதுங்கள். ஒரு தாங்கிக்கு ரீப்பர் செலவு எவ்வளவு என்று கணக்கிடுங்கள்.