கேள்வி நம்முடையது; கருவி நமக்குத் துணை

மாலை மங்கி வருகின்றது. விறாந்தையில் பிள்ளை கைத்தொலைபேசியோடு குந்தியிருக்கின்றான். "தம்பி, அதை வைச்சிட்டு வா, செபமாலை சொல்லுவம்" என்று தாய் கூப்பிடுகின்றாள். "ஓமம்மா, இன்னும் அஞ்சு நிமிசம்" என்று பதில் வருகின்றது. அந்த ஐந்து நிமிடம் அரை மணித்தியாலமாக நீண்டுவிடுகின்றது. இது நம் வீடுகள் பலவற்றில் நாளாந்தம் நடைபெறும் காரியம்.

ஆனால், அதே தொலைபேசியில்தான் கனடாவில் இருக்கும் பேரப்பிள்ளையின் முதல்நன்மைத் திருப்பலியை அம்மம்மா கண்ணீர் மல்கப் பார்க்கின்றார். 2020ஆம் ஆண்டில் கொரோனாத் தொற்றினால் ஆலயக் கதவுகள் அடைபட்டிருந்தபோது நம்மிற் பலருக்குத் திருப்பலிக் காட்சியைக் கொண்டுவந்ததும் அதுவே. ஆகவே, "கணினி நல்லதா, கெட்டதா?" என்று கேட்பதில் பெரிய பயன் இல்லை. கத்தியைப் பற்றியும் அவ்வாறு கேட்கலாம். விடை பிடித்திருக்கும் கையைப் பொறுத்தது. அதிலும் ஆழமான ஒரு கேள்வியை இவ்வாரம் சிந்திப்போம். கணினியின் முன் அமரும்போது கேள்வி யாருடையது? நம்முடையதா, கருவியினுடையதா?

இதற்கு விடை காண, கணினியை மிகவும் நேசித்த ஒரு குருவானவரின் வாழ்க்கை நமக்கு உதவும்.

ஒரு சிறு சொல்லில் பிறந்த பெரும் வேலை

வண. பிதா ரொபேர்ட்டோ புசா 1913ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டில் பிறந்தவர். பெல்லூனோ குருமடத்தில் படித்த காலத்தில் அவரோடு படித்தவர்களுள் ஒருவர், 1978ஆம் ஆண்டில் முப்பத்து மூன்று நாட்கள் மட்டும் பாப்பரசராக விளங்கிய முதலாம் அருளப்பர் சின்னப்பர். புசா 1933ஆம் ஆண்டில் யேசு சபையிற் சேர்ந்து 1940ஆம் ஆண்டில் குருப்பட்டம் பெற்றார்.

உரோமையிலுள்ள கிரகோரியன் பல்கலைக்கழகத்தில் அவர் கலாநிதிப் பட்டத்திற்காக எடுத்துக்கொண்ட பொருள், புனித தோமஸ் அக்குவினாஸ் பிரசன்னத்தைப் பற்றி என்ன கருதினார் என்பதாகும். கடவுள் நம்மில் இருக்கின்றார், ஆன்மா உடலில் இருக்கின்றது என்றெல்லாம் சொல்கின்றோமே, அந்த "இருத்தல்" எத்தகையது? "பிரசன்னம்" என்று பொருள்படும் இலத்தீன் சொற்களை அவர் முதலில் தேடினார். அவற்றில் அவர் எதிர்பார்த்தது அதிகம் கிடைக்கவில்லை. புனிதரின் கருத்து முழுவதும் "இன்" என்ற மிகச் சிறிய இலத்தீன் சொல்லோடு பிணைந்து கிடப்பதை அவர் கண்டார். நம் தமிழில் அது தனிச் சொல்லாகக்கூட நிற்பதில்லை. "வீட்டில்", "உள்ளத்தில்", "கடவுளில்" என்று சொல்லின் வாலாக ஒட்டிக்கொள்ளும் "இல்" என்ற உருபுதான் அது. இத்தனை சிறிய சொல்லைத் தேடி அவர் புனிதரின் நூல்களையெல்லாம் புரட்டி, பத்தாயிரம் சிறு அட்டைகளிற் கையால் எழுதி வைத்தார். 1946ஆம் ஆண்டில் ஆய்வு நிறைவேறியது.

அத்தோடு அவர் நின்றிருக்கலாம். ஆனால், புனித தோமஸ் எழுதிய ஒவ்வொரு சொல்லுக்கும் இத்தகைய அட்டவணை இருந்தால், பின்வரும் மாணவர் எல்லோருக்கும் எவ்வளவு பயன்படும் என்று அவர் எண்ணினார். கோடிக்கு மேற்பட்ட சொற்கள்! கையால் எழுதி முடிக்க ஓர் ஆயுள் போதாது. பொறியின் உதவி வேண்டும். எனவே 1949ஆம் ஆண்டில் நியூயோர்க் நகருக்குச் சென்று, ஐ.பி.எம். நிறுவனத்தின் தலைவரான தோமஸ் வொட்சன் என்பவரைச் சந்திக்க அனுமதி கேட்டார். அட்டைகளிலே துளையிட்டு வியாபாரக் கணக்குகளைப் பார்க்கும் பொறிகளை உலகமெங்கும் வழங்கிய நிறுவனம் அது.

அந்தச் சந்திப்பைப் பற்றிப் புசா அடிகளாரே பின்னர் சுவைபடச் சொல்லியிருக்கின்றார். காத்திருக்கும் அறையில் அந்த நிறுவனத்தின் விளம்பரம் ஒன்று தொங்கியது. கடினமான வேலையை உடனே செய்வோம், இயலாத வேலைக்குச் சற்றுக் கூடுதலான காலம் எடுக்கும் என்பது அதன் கருத்து. அடிகளார் அதனைக் கையோடு உள்ளே கொண்டு போனார். "இது எங்கள் பொறிகளால் இயலாத காரியம்" என்று தலைவர் கூறியதும், அவருடைய விளம்பரத்தையே அவருக்கு நீட்டினார். வொட்சன் இணங்கினார், ஐ.பி.எம். என்ற எழுத்துக்களிலுள்ள "வியாபாரம்" என்ற சொல்லை எடுத்துவிட்டு "புசா" என்று மாற்றிவிடக் கூடாது என்ற வேடிக்கையான நிபந்தனையை மட்டும் விதித்தார்.

பொறி செய்ததும் மனிதர் செய்ததும்

அவ்வேலை ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் நீடித்தது. மிலானோ நகருக்கு அண்மையிலுள்ள கல்லராத்தே என்ற ஊரில் அடிகளார் ஒரு பயிற்சிக்கூடம் அமைத்தார். அங்கே இளம் பெண்கள் பயிற்சி பெற்று, புனிதரின் எழுத்துக்களை அட்டைகளில் துளையிட்டுப் பதித்தார்கள். இலத்தீன் அறியாதவர்களாயிருந்தும் எழுத்துப் பிசகாமற் பதித்தார்கள். பின்பு பல ஆண்டுகளாக அடிகளாரின் பெயரை அறிந்தவர்கள் இப்பெண்களை அறியவில்லை. அண்மைக் காலத்திலேயே ஆய்வாளர்கள் அவர்களின் உழைப்பை வெளிக்கொணர்ந்துள்ளனர். சேர்ந்த அட்டைகள் ஒரு கோடியே இருபது இலட்சம் என்று அடிகளார் எழுதியிருக்கின்றார். பின்பு காந்த நாடாக்கள் வந்தன. 1974ஆம் ஆண்டு முதல் 1980ஆம் ஆண்டு வரை 56 பெரிய தொகுதிகளாக அந்த அட்டவணை அச்சேறியது. அதன் பின் இறுவட்டாகவும், 2005ஆம் ஆண்டில் இணையத்திலும் வெளிவந்தது. எழுத்தையும் மொழியையும் ஆராய்வதற்குக் கணினியைப் பயன்படுத்தும் இன்றைய கல்வித்துறையின் முன்னோடிகளுள் முதல்வராக அடிகளார் மதிக்கப்படுகின்றார். 2011ஆம் ஆண்டில், 97 வயதில் அவர் இறைவனடி சேர்ந்தார்.

இந்த வரலாற்றில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பொறி எல்லாவற்றையும் செய்துவிடவில்லை. "படி" என்ற நம் தமிழ்ச் சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். பாடத்தைப் படி என்பதும் படி, வாசற்படியும் படி, அரிசி அளக்கும் படியும் படி. அன்றைய பொறிக்கு மூன்றும் ஒரே எழுத்துக்கள். எது எந்தப் படி என்று பிரித்துச் சொல்ல மனிதன் வேண்டும். இலத்தீன் மொழியிலும் இத்தகைய சிக்கல்கள் ஏராளம். சொல் சொல்லாகப் பார்த்துத் தீர்த்தவர்கள் புலமை மிக்க மனிதர்களே.

ஆகவேதான், கணினியின் தலையாய நோக்கம் மனிதரின் உழைப்பையும் நேரத்தையும் குறைப்பதன்று, ஆய்வின் தரத்தையும் ஆழத்தையும் கூட்டுவதே என்று அடிகளார் வலியுறுத்தினார். இன்று "நேரம் மிச்சம்" என்று சொல்லியே ஒவ்வொரு புதிய கருவியும் விற்பனையாகின்றது. மிச்சமான நேரம் எங்கே போயிற்று என்று கேட்டால் நம்மிடம் விடை இல்லை!

விஞ்ஞானத்திற்கும் விசுவாசத்திற்கும் உரிய இடம்

பொறியின் எல்லையைப் புசா அடிகளார் அறிந்திருந்தார். விஞ்ஞானத்தின் எல்லையை அறிந்திருந்த இன்னொரு குருவானவர், பெல்ஜியம் நாட்டைச் சேர்ந்த வண. பிதா ஜோர்ஜ் லெமேத்ர். 1923ஆம் ஆண்டில் குருப்பட்டம் பெற்ற இவர், அண்டம் விரிந்துகொண்டே செல்கின்றது என்பதை 1927ஆம் ஆண்டிற் கணித்துக் காட்டினார். அண்டம் முழுவதும் ஆதியில் ஓர் அணுப்போல ஒடுங்கியிருந்தது என்ற கருத்தை 1931ஆம் ஆண்டில் வெளியிட்டார். இன்று "பெருவெடிப்பு" என்று பாடசாலைகளிற் படிப்பிக்கப்படும் கொள்கை இதிலிருந்து வளர்ந்ததே. உயர்தர வகுப்பிற் படிக்கும் பிள்ளை, "அப்பா, பெருவெடிப்பு என்றால் கடவுள் படைக்கவில்லைத்தானே?" என்று கேட்டால், அதைத் தொடக்கியவரே ஒரு கத்தோலிக்கக் குரு என்று தகப்பன் சொல்லலாம்.

ஆனால், அதற்கு அப்பாற் போய், "ஆகவே விஞ்ஞானம் கடவுளை நிரூபித்துவிட்டது" என்று சொல்லத் துணிய வேண்டாம். 1951ஆம் ஆண்டில் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் ஆற்றிய உரையொன்றில், புதிய வானியல் படைப்பின் தொடக்கத்திற்குச் சான்று பகர்வதாகக் குறிப்பிட்டார். அது கேட்டு லெமேத்ர் அடிகளார் மகிழவில்லை, கவலையே கொண்டார். விஞ்ஞானக் கொள்கை இன்று நிற்கும், நாளை திருத்தப்படலாம். அதன் தோளில் விசுவாசத்தை ஏற்றிவைத்தால், அது சாயும்போது விசுவாசமும் சாயும் அல்லவா? தமது கொள்கை சமயக் கேள்விக்கு வெளியே நிற்பது என்பதே அவருடைய நிலைப்பாடு. அடுத்த ஆண்டில் உரோமையிற் கூடிய வானியலாளர்களுக்குப் பாப்பரசர் உரையாற்றியபோது அத்தொடர்பை மீண்டும் வலியுறுத்தவில்லை.

இந்த அடிகளாரும் கணக்கிடும் பொறிகளில் தீராத விருப்பம் கொண்டவர். 1958ஆம் ஆண்டில் லூவேன் பல்கலைக்கழகத்திற்கு முதலாவது மின்னணுக் கணினியைக் கொண்டுவந்தவர் அவரே. அறுபது வயதைத் தாண்டியபின் கணினிக்குக் கட்டளை எழுதவும் தாமே கற்றுக்கொண்டார். "எனக்கு வயது போயிட்டுது, உதெல்லாம் பிள்ளைகளுக்கு" என்று ஒதுங்கும் பெற்றோருக்கு இது ஒரு பாடம். 1966ஆம் ஆண்டில் மரணப்படுக்கையில் இருந்தபோது, ஆதி அண்டத்தின் எச்சமான கதிர்வீச்சு கண்டுபிடிக்கப்பட்ட செய்தி அவருக்கு எட்டியது.

நம் வீட்டிலுள்ள கணினி

இவர்கள் பெரிய அறிஞர்கள், நமக்கு இவர்கள் எட்டாத தூரம் என்று சிலர் எண்ணலாம். பாடசாலை மாணவன் ஒருவனைப் பார்ப்போம். 1991ஆம் ஆண்டில் இலண்டனிற் பிறந்து மிலானோவில் வளர்ந்த கார்லோ அக்குத்திஸ், வீட்டிலிருந்த சாதாரண கணினியிலேயே தன் விருப்பத்தை வளர்த்தவன். நற்கருணை மீது கொண்ட பற்றினால், நற்கருணைப் புதுமைகளைத் தொகுத்து இணையத்தில் வெளியிட்டான். காணொளி விளையாட்டும் அவனுக்குப் பிடிக்கும். எனினும் அது தன்னை அடிமையாக்கிவிடும் என்றுணர்ந்து, வாரத்திற்கு ஒரு மணித்தியாலம் என்று தனக்குத் தானே வரம்பு விதித்துக்கொண்டான். 2006ஆம் ஆண்டில், பதினைந்தாவது வயதில் இரத்தப் புற்றுநோயினால் இறந்தான். 2025 செப்டெம்பர் 7ஆம் நாள் பாப்பரசர் பதினான்காம் லியோ அவனைப் புனிதனாக உயர்த்தினார்.

இந்த மூவரிடமும் ஒரு பொதுவான பண்பைக் காண்கின்றோம். அவர்கள் கணினியிடம் போகுமுன்பே அவர்களிடம் ஒரு கேள்வி இருந்தது, ஓர் ஆவல் இருந்தது. கடவுள் நம்மில் எவ்வாறு இருக்கின்றார்? அண்டம் எவ்வாறு இயங்குகின்றது? நற்கருணையை மற்றவர்கள் எவ்வாறு அறிவார்கள்? கேள்வி அவர்களுடையது, கருவி துணை நின்றது.

இன்றைய கைத்தொலைபேசியோ நாம் கேளாத முன்னமே பதிலை நீட்டுகின்றது. ஒரு படம் முடியுமுன் அடுத்த படம். ஒரு செய்தி முடியுமுன் இன்னொரு செய்தி. நம் கண் எங்கே தரித்து நிற்கின்றது என்று பார்த்து, அதற்கேற்ப மேலும் இறைக்கின்றது. நம் நேரம் அவர்களுக்கு வருமானம். இப்படியே பழகிய பிள்ளைக்குக் கேள்வி கேட்கும் பழக்கமே அற்றுப்போகும். கேள்வி அற்ற உள்ளத்திற் செபமும் வற்றிவிடும். செபமும் ஒருவகையில் கடவுளிடம் கேட்பதும், அவருடைய பதிலுக்காகக் காத்திருப்பதும் அல்லவா? காத்திருக்கத் தெரியாதவன் எப்படிச் செபிப்பான்?

இப்போது செயற்கை நுண்ணறிவு என்ற புதிய வசதியும் கைக்கு வந்துவிட்டது. கட்டுரை எழுதித் தா என்றால் எழுதித் தருகின்றது. ஞானோபதேசக் கேள்விக்கும் விடை தருகின்றது. பிழையான விடையையும் சற்றும் தயங்காமற் சொல்லும். 2025 ஜனவரியில் திருப்பீடம் இதுபற்றி வெளியிட்ட ஏடு, பொறியின் திறமையையும் மனிதனின் அறிவையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாதென்றும், பொறுப்பு எப்போதும் மனிதனையே சாரும் என்றும் எடுத்துரைக்கின்றது. பிள்ளை எழுத வேண்டிய கட்டுரையைப் பொறி எழுதினால் ஆசிரியரிடம் புள்ளி கிடைக்கலாம். ஆனால், அந்தப் பிள்ளை "படி"யைப் படிக்கவுமில்லை, படி ஏறவுமில்லை.

ஆகவே பெற்றோரே, மூன்று சிறிய காரியங்களைக் கைக்கொள்வோம். முதலாவது, புதிய கருவியை வாங்குமுன், எந்தத் தேவைக்காக வாங்குகின்றோம் என்பதை வீட்டார் கூடிப் பேசுவோம். அயல்வீட்டில் வாங்கிவிட்டார்கள் என்பது தேவையாகாது. வெளிநாட்டிலுள்ள சகோதரன் அனுப்பும் பணம் அவனது வியர்வை. இரண்டாவது, செபநேரத்திலும் சாப்பாட்டு நேரத்திலும் எல்லோருடைய தொலைபேசிகளையும், தகப்பனுடையதையும் சேர்த்து, வேறோர் இடத்தில் வைப்போம். பிள்ளைக்கு ஒரு சட்டம், பெரியவருக்கு ஒரு சட்டம் என்றால் இரண்டும் நிலைக்காது. மூன்றாவது, பிள்ளை கேள்வி கேட்டால் "போனிலை பார்" என்று விரட்டிவிடாமல், தெரிந்ததைச் சொல்வோம். தெரியாததைச் சேர்ந்து தேடுவோம். மறைக்கல்வி ஆசிரியரிடமும் பங்குத்தந்தையிடமும் கேட்போம்.

"இல்" என்ற சிறு சொல்லுக்காக ஒரு குருவானவர் பத்தாயிரம் அட்டைகளை எழுதினார். நம் வீட்டில், நம் பிள்ளைகளின் உள்ளத்தில், கடவுள் இருக்கின்றாரா என்ற கேள்விக்காக நாம் ஒரு நாளில் அரை மணித்தியாலத்தை ஒதுக்க மாட்டோமா?

குடும்பமாகச் சிந்திக்க:

1. இன்று நமது தொலைபேசியை எத்தனை தடவை நம் சொந்தக் கேள்வியோடு திறந்தோம்? எத்தனை தடவை காரணமின்றித் திறந்தோம்?

2. விஞ்ஞான பாடத்தில் நம் பிள்ளைக்கு எழுந்த எந்தச் சந்தேகத்தை நாம் பதில் சொல்லாமல் விட்டிருக்கின்றோம்?

3. கல்லராத்தேயில் பெயர் அறியப்படாமல் உழைத்த பெண்களைப் போல, நம் வீட்டிலும் பங்கிலும் யாருடைய உழைப்பை நாம் காணாதிருக்கின்றோம்?