ஆரஞ்சு மூடி, சிவப்பு மூடி

கேள்வி: தனியார் மருத்துவமனையில் எட்டு மாதமாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். போன வாரம் நைட் டியூட்டியில், 20 யூனிட் இன்சுலின் போட வேண்டிய பெரியவருக்கு அவசரத்தில் ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் எடுத்துப் போட்டுவிட்டேன். வயல் 40 யூனிட் வகை. காலையில் சர்க்கரை 310. அதைப் பார்த்து டாக்டர் 26 யூனிட்டாகக் கூட்டி, அன்றே டிஸ்சார்ஜ் செய்துவிட்டார். "அவருக்குத்தான் ஒன்றும் ஆகலையே, வாயைத் திறக்காதே, மெமோ வரும்" என்கிறார் சீனியர் அக்கா. நான் என்ன செய்ய?

பதில்: கடிதம் கிடைத்த அன்றே தொலைபேசியில் உங்களிடம் சொன்னதுதான், மற்ற வார்டுகளில் இருப்பவர்களுக்காக இங்கும் எழுதுகிறேன்.

ஆரஞ்சு மூடி சிரிஞ்ச், மில்லிக்கு 100 யூனிட் உள்ள மருந்துக்கானது. அதில் 20-ஆம் கோடு என்பது 0.2 மில்லி. மில்லிக்கு 40 யூனிட் உள்ள வயலிலிருந்து அவ்வளவு எடுத்தால் உடம்புக்குள் போவது 8 யூனிட்தான். கேஸ் ஷீட்டிலோ 20 என்று இருக்கிறது. டாக்டர் அதை நம்பித்தான் 26 எழுதினார். இப்போது பெரியவர் வீட்டில், அந்த வயலுக்குரிய சிவப்பு மூடி சிரிஞ்சில், சரியாகவே போட்டுக்கொள்வார். முழு 26-ம் உள்ளே போகும். நடுராத்திரியில் வியர்த்து, கை நடுங்கி, சர்க்கரை இறங்கி அவர் மயங்கிக் கிடந்தால் காரணம் யாருக்கும் புரியாது. "ஒன்றும் ஆகலையே" என்று அக்கா சொன்னது அந்த ஒரு இரவுக்கு மட்டும்தான் பொருந்தும்.

அதனால் முதல் வேலை, டாக்டரிடம் சொல்வது. அவர் வீட்டுக்குப் பேசி அளவை மாற்றட்டும். நடந்ததையும் குடும்பத்துக்கு அவரே விளக்கட்டும். பிறகு கேஸ் ஷீட். பழைய பதிவின் மேல் திருத்தாதீர்கள், வொயிட்னரைத் தொடாதீர்கள். எழுதுகிற நாளின் தேதி, நேரம் போட்டு, நடந்ததை மட்டும் எழுதிக் கையெழுத்திடுங்கள். தனியாகச் சம்பவ அறிக்கையும் கொடுங்கள்.

அக்காவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மெமோவுக்குப் பயந்து நானும் ஒருமுறை வாய்மூடி இருந்திருக்கிறேன். எந்தப் படுக்கை, என்ன மருந்து என்று இன்றும் நினைவிருக்கிறது. மெமோ வரலாம், வராது என்று உங்களுக்கு உறுதி தர என்னால் முடியாது.

இன்னொன்று. இரண்டு நிற சிரிஞ்சும் ஒரே ட்ரேயில்தான் கிடந்தனவா? அதையும் சம்பவ அறிக்கையில் எழுதுங்கள். இன்சார்ஜ் சிஸ்டருக்குப் பிடிக்காது. இருந்தாலும் எழுதுங்கள்.