ரத்தம் எடுக்காமல் சர்க்கரை பார்க்கும் மோதிரம்

கேள்வி: எனக்கு 58 வயது. காலையும் இரவும் இன்சுலின் போட்டுக்கொள்கிறேன். நானோ தொழில்நுட்பத்தில் செய்த மோதிரமாம், விரலில் குத்தாமலே சர்க்கரை அளவு சொல்லுமாம். மகன் விளம்பரம் அனுப்பியிருக்கிறான். தேவைக்கேற்ப உடம்புக்குள்ளேயே இன்சுலினை விடும் நானோ ஊசியும் வந்துவிட்டதாமே? வாங்கலாமா, டாக்டர்?
— ஒரு வாசகி, தேனி

பதில்: மோதிரம் வேண்டாம், அம்மா. தோலைத் துளைக்காமல் சர்க்கரை அளக்கும் மோதிரம், கைக்கடிகாரம் எதற்கும் அனுமதி தரவில்லை என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. பெரிய நிறுவனத்துக்கே இது கைகூடவில்லை. கண்ணீரில் சர்க்கரை பார்க்கும் கான்டாக்ட் லென்ஸை 2014-இல் அறிவித்தது சாமானிய நிறுவனமல்ல, கூகுள். கண்ணீரின் அளவும் ரத்தத்தின் அளவும் சரியாக ஒத்துப்போகாததால் 2018-இல் அந்த வேலை நின்றது. தப்பான எண்ணை நம்பி நீங்கள் இன்சுலினைக் கூட்டிப் போட்டால் ஆபத்து.

நானோ ஊசி வெறும் புரளி இல்லை. 2013-இல் அமெரிக்காவில் ஜென் கூ என்பவரின் குழு, இன்சுலினையும் குளுகோஸ் ஆக்ஸிடேஸ் என்ற நொதியையும் நானோ துகள்களுக்குள் அடைத்தது. சர்க்கரை ஏறினால் நொதி அதை அமிலமாக்கும். அமிலம் துகளைக் கரைக்கும். இன்சுலின் வெளியே வரும். (குளுகோமீட்டர் ஸ்டிரிப்புகள் பலவற்றில் இருப்பதும் இதே நொதிதான்.) ஒரே ஊசியில் 10 நாள் வரை சர்க்கரை கட்டுக்குள் இருந்தது, எலிகளுக்கு! எனக்கு மிகவும் பிடித்த ஆராய்ச்சி இது. ஆனால் மனிதருக்கு வருஷக்கணக்கில் போடவேண்டிய மருந்து, ஒரு ராத்திரி தேவைக்கு மேல் கசிந்தாலும் உயிருக்கே ஆபத்து. இது இன்னும் மருந்துக்கடைக்கு வரவில்லை.

இப்போதைக்கு உங்களுக்கு உதவக்கூடியது சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கும் கருவியான சி.ஜி.எம். நாணயம் போன்ற வில்லையை மேல்கையின் பின்புறம் ஒட்டுவார்கள். அதிலிருந்து மெல்லிய இழை ஒன்று தோலுக்கடியில் போகும். சிலவகை 14 நாள் தாங்கும். நான்கு இட்லிக்கு எவ்வளவு ஏறுகிறது, விடியற்காலையில் எவ்வளவு இறங்குகிறது எல்லாம் செல்போனில் கோடாகத் தெரியும். விலைதான் கடிக்கும், மாதாமாதம் வேண்டாம், உங்கள் டாக்டரைக் கேட்டு ஒருமுறை ஒட்டிப் பாருங்கள்.

அது அளப்பது ரத்தத்தை அல்ல, திசுக்களுக்கு இடையிலுள்ள நீரை. அதனால் சில நிமிஷம் பின்தங்கும். அந்தக் கைமேல் ஒருக்களித்துப் படுத்தால் சர்க்கரை இறங்கிவிட்டதாகப் பொய்யும் சொல்லும். வியர்த்து, கை நடுங்கினால், செல்போனில் எண் நன்றாக இருந்தாலும் விரலில் குத்திப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள்.