அடங்காத பிள்ளையா, புரியாத பிள்ளையா?

ஆரணியை ஒட்டிய முள்ளிப்பட்டில், பட்டுத்தறி ஓடும் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். "தார்ப் பெட்டிய அம்மாகிட்ட குடுத்துட்டு, தாத்தா கண்ணாடிய எடுத்துக்க, வர்றப்போ கதவச் சாத்திட்டு வா" என்று எட்டு வயதுப் பையனிடம் சொல்கிறார்கள். அவன் கதவை மட்டும் சாத்திவிட்டு வந்து நிற்கிறான். உடனே கிடைக்கும் பட்டம் 'திமிர் பிடிச்சவன்'. மூன்று வேலைகளைக் கோத்த அந்த வாக்கியத்தில் கடைசித் துண்டு மட்டுமே அவன் மனதில் தங்கியது என்று யாருக்கும் தோன்றுவதில்லை. பிள்ளைகளின் மனநலம் பற்றி நம்மிடையே உலவும் பல தவறான நம்பிக்கைகள் இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

நம்பிக்கை: வாய் ஓயாமல் பேசுகிறான், அவனுக்கு மொழியில் என்ன குறை? எல்லாம் அடங்காத்தனம்.

உண்மை: பேசுவது வேறு, பிறர் சொல்வதைப் புரிந்துகொள்வது வேறு. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நடந்த பெரிய ஆய்வுகளின்படி, 100 பிள்ளைகளில் ஏறத்தாழ 7 பேருக்கு மொழி வளர்ச்சிக் கோளாறு இருக்கிறது. மனநலச் சிக்கல் உள்ள பிள்ளைகளிடம் இது பல மடங்கு அதிகம். மனநல சிகிச்சைக்கு வந்த 4 முதல் 12 வயதுப் பிள்ளைகளை கனடாவில் நான்சி கோஹன் குழுவினர் சோதித்து 1993-இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு, அதுவரை யாருமே சந்தேகிக்காத மொழிக் குறைபாடு இருந்தது. 2014-இல் 22 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, உணர்ச்சி, நடத்தைச் சிக்கல் உள்ள பிள்ளைகளில் 81 விழுக்காட்டினருக்கு இலேசான அளவிலாவது இக்குறை கண்டறியப்படாமலே இருந்தது தெரிந்தது. 'அதெல்லாம் வெளிநாட்டுக் கணக்கு' என்று சிலர் சொல்லலாம். எண்ணிக்கை இங்கே மாறலாம், காரணம் மாறாது. நினைத்ததைச் சொல்ல வார்த்தை கிடைக்காத பிள்ளை கையை ஓங்குகிறது, அல்லது ஒதுங்கிப்போகிறது. நம் பிள்ளைகளுக்கோ வீட்டுத் தமிழ் ஒன்று, பாடப்புத்தகத் தமிழ் வேறொன்று. ஏற்கெனவே தடுமாறும் பிள்ளைக்கு அது இன்னொரு மேடு.

நம்பிக்கை: மனசு சரியானால் பேச்சு தானாக வரும்.

உண்மை: மனநல ஆலோசனையே பேச்சால் நடப்பது. "அப்போ உன் மனசுல என்ன நினைச்சே?" என்ற கேள்வி புரிந்தால்தான் பதில் வரும். "தெரியல" என்று மட்டும் சொல்லும் பிள்ளையை 'ஒத்துழைக்க மறுக்கிறான்' என்று எழுதிவிட்டால் சிகிச்சை அங்கேயே நின்றுவிடும். சில பிள்ளைகளிடம் சிக்கல் வேறு வகையில் வரும். வீட்டில் கலகலவென்று பேசும் பிள்ளை பள்ளியில் வாயே திறக்காது. பெரும்பாலும் அது பதற்றம், பிடிவாதம் அன்று. எல்லார் முன்னும் நிறுத்திப் பேசச் சொன்னால் பதற்றம் இன்னும் கூடும். ஆகவே மனதையும் மொழியையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

நம்பிக்கை: ஆண் பிள்ளை மெதுவாகத்தான் பேசுவான், நாக்கில் வசம்பு தடவினால் போதும். வீட்டில் இரண்டு மொழி பேசுவதுதான் குழப்பம். அம்மா நாள் முழுக்கத் தறியில் உட்கார்ந்ததால் வந்த வினை.

உண்மை: மொழி விளைவது மூளையில், நாக்கில் எதைத் தடவினாலும் அது வளராது. தாமதமாகப் பேசத் தொடங்கும் பிள்ளைகளில் பலர் பின்னால் சரியாகிவிடுகிறார்கள் என்பது மெய்தான். ஆனால் எந்தப் பிள்ளை சரியாகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. இரண்டு வயதில் இரண்டு சொற்களைச் சேர்க்காத பிள்ளைக்கு முதலில் காது கேட்கிறதா என்று சோதிக்க வேண்டும். சௌராட்டிரமோ தெலுங்கோ வீட்டில் பேசுவதால் மொழிக் கோளாறு வராது. இக்கோளாறில் மரபணுவின் பங்கு பெரிது. அதனால் தறியில் உழைக்கும் தாயின் தலையில் பழியைப் போடுவது அநியாயம்.

'சோதனை என்று போனால் பிள்ளைமேல் முத்திரை விழுமே' என்ற பெற்றோரின் அச்சத்தை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் முத்திரை முன்பே விழுந்துவிட்டது. திமிர், மக்கு, பிடிவாதம் என்று நாம் சொல்வதெல்லாம் முத்திரைகள்தான். அவற்றில் எதற்கும் சிகிச்சை இல்லை. பாவில் இழை அறுந்தால் யாரும் தறியைத் திட்டுவதில்லை. குனிந்து, அறுந்த இடத்தைத் தேடிப் பிணைக்கிறார்கள். அந்தப் பொறுமை பிள்ளைக்கும் வேண்டும்.

2013 முதல் நடக்கும் தேசிய சிறார் நலத் திட்டத்தில் அரசுப் பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் மருத்துவக் குழு வருகிறது. அவர்களிடம் பிள்ளையின் பேச்சைப் பற்றியும் கேளுங்கள். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற இலவச எண் இருக்கிறது. வீட்டில் இன்றே செய்யக்கூடியதும் ஒன்று உண்டு: ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டும் சொல்லுங்கள், பிள்ளை பதில் சொல்லும்வரை காத்திருங்கள். அடங்கவில்லை என்று கை ஓங்கும் முன், சொன்னது புரிந்ததா என்று ஒருமுறை கேளுங்கள்.