முயலுக்கு ஆபரேஷனா? தையலோடு புழுக்கையையும் பாருங்க



மாமல்லபுரம் பக்கத்துக் குழுக் கூட்டம் ஒன்றில் சேமிப்பு, கடன் கணக்கெல்லாம் முடிந்த பிறகு ஒரு உறுப்பினர் தயங்கியபடி கேட்டார்: "மேடம், எங்க முயலுக்கு கர்ப்பப்பை ஆபரேஷன் பண்ணிட்டு வந்தோம். நேத்துலேர்ந்து எதுவும் திங்கல. ஓய்வு எடுக்கட்டும்னு விட்டுட்டோம், சரிதானே?" மற்றவர்கள் சிரித்தார்கள். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. உடனே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடச் சொன்னோம்.

கறிக்கு வளர்க்கிற முயலுக்கு இந்த ஆபரேஷன் தேவைப்படாது. பிள்ளைகள் ஆசைப்பட்டு ஜோடியாக வாங்கி வந்தால்தான் சங்கடம். 30, 31 நாளில் குட்டி போடும். போட்ட அன்றே மறுபடி சினை பிடிக்கும். வயதான பெட்டை முயலுக்குக் கர்ப்பப்பையில் புற்றுநோய் வருவதும் அதிகம். அதனால் செய்வது நல்லதுதான். முயலுக்குச் செய்து பழக்கமுள்ள டாக்டரா என்று மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நமக்குக் கு.க. ஆபரேஷன் செய்தபோது முதல் நாள் ராத்திரியிலிருந்தே பட்டினி போட்டார்கள் இல்லையா? அதே நினைப்பில் முயலையும் பட்டினி போடுகிறோம். முயலுக்கு வாந்தி எடுக்கவே வராது. அதற்கு நீண்ட பட்டினி வேண்டியதில்லை. புல்லின் நார் உள்ளே போய்க்கொண்டே இருந்தால்தான் அதன் குடல் ஓடும். நின்றுபோனால் வயிறு உப்பி, ஒன்றிரண்டு நாளிலேயே உயிர் போய்விடும். தையல் நன்றாக இருக்கிறதே என்று நாம் நிம்மதியாக இருப்போம், உள்ளே குடல் நின்றிருக்கும்.

ஆகவே மயக்கம் நன்றாகத் தெளிந்ததும் அருகம்புல், காய்ந்த புல், கொத்தமல்லித் தழை எது பிடிக்குமோ அதை வாய்க்குப் பக்கத்தில் வையுங்கள். சோறு, பிஸ்கட் வேண்டாம். 12 மணி நேரமாகியும் தின்னவில்லை, புழுக்கை போடவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஊசி இல்லாத சிரிஞ்சில் கரைத்த தீவனம் ஊட்ட டாக்டர் சொல்லித்தருவார். வயிறு உப்பியிருந்தால் அவர் பார்க்காமல் எதையும் ஊட்டக்கூடாது.

வலி இருந்தாலும் முயல் கத்தாது. கூனிக் குறுகி உட்காரும், பல்லை நறநறக்கும். வலி இருக்கிறவரை தின்னாது, அதனால் டாக்டர் கொடுத்த வலி மருந்தை நடுவில் நிறுத்தாதீர்கள். வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரையைக் கொடுப்பது பெரிய ஆபத்து. அமாக்ஸிசிலினை வாய்வழியாகக் கொடுத்தால் குடலின் நல்ல கிருமிகள் அழிந்து முயலே செத்துப்போகும்.

தையலில் மஞ்சள், எண்ணெய், சாம்பல் எதுவும் வேண்டாம். குளிப்பாட்டாதீர்கள். கடற்கரை மணலில் விடாமல் பழைய பருத்திப் புடவையை விரியுங்கள். காதைப் பிடித்துத் தூக்காமல் பின்பக்கத்தைக் கையால் தாங்குங்கள். சுமார் பத்து நாள் குதிக்க விடாமல், ஆண் முயலையும் தனியே வையுங்கள். முதல் சில மணி நேரம் உடம்பு சில்லிட்டுப் போகும், துணி போர்த்துங்கள். தெளிந்த பிறகு தகரக் கூரை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீட்டில் வெக்கைதான் எதிரி. நிழலில் வைத்து, கூண்டின் மேல் ஈரச் சாக்கு போட்டால் போதும்.

அந்த முயல் பிழைத்துக்கொண்டது. உறுப்பினரின் மகள் சேமிப்பு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தினமும் புழுக்கைக் கணக்கு எழுதி வைத்திருக்கிறாள். முதல் நாள் பூஜ்யம், அடுத்த நாள் ஏழு, அதற்கடுத்த நாள் 'எண்ண முடியல'.