பூச்சி மருந்து: டப்பாவின் பின்பக்கத்தைப் பாருங்கள்

எங்கள் மேச்சேரிப் பக்கம் மருந்துக் கடையில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "அண்ணே, போன தடவை ஆட்டுக்குப் பச்சை டப்பா ஊத்துனமுங்க. இந்தத் தடவை வேற குடுங்க." கடைக்காரர் நீல டப்பாவை எடுத்துத் தருவார். பின்பக்கம் திருப்பினால் அதில் அல்பெண்டசோல், இதில் ஃபென்பெண்டசோல். இரண்டும் ஒரே குடும்பம். ஒன்றுக்குச் சாகாத புழு மற்றதற்கும் பெரும்பாலும் சாகாது. மாற்றுவதென்றால் லெவமிசோல், ஐவர்மெக்டின் என்று வேறு வகைக்குப் போக வேண்டும்.

அதற்கும் முன்னால், எந்தப் புழு என்று தெரிய வேண்டும். புழுக்கையில் அரிசி போல நெளிந்தால் பதறுகிறோம். அது நாடாப்புழுத் துண்டு. வளர்ந்த ஆட்டை அது பெரிதாக வாட்டாது. ஆட்டைக் கவிழ்ப்பது கண்ணில் படாத ஹீமாங்கஸ் என்ற உருளைப்புழுதான். நான்காம் இரைப்பையில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும். பெண்புழு நாளொன்றுக்கு 5,000 முட்டைகூட இடும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அதன் குஞ்சுகள் புல் நுனிக்கு ஏறிவிடும். ஆடு கழியக்கூடச் செய்யாது. திடீரென்று ஒருநாள் தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்கும். ஐவர்மெக்டின் நாடாப்புழுவுக்கும் தட்டைப்புழுவுக்கும் கேட்காது. ஏரிக்கரையில் மேய்ந்து தட்டைப்புழு பிடித்திருந்தால் ஆக்சிகுளோசனைடு மாதிரி மருந்து வேண்டும்.

மழைக்காலத்தில் நான் நாள் பார்த்து ஊற்றுவதில்லை. கண்ணைப் பார்த்து ஊற்றுகிறேன். கீழிமையை மெல்ல இழுத்தால் உள்சதை தெரியும். நல்ல சிவப்பா, விட்டுவிடலாம். வெளிறியிருக்கிறதா, அந்த ஆட்டுக்கு மருந்து. தென்னாப்பிரிக்காவில் இதற்கென்றே ஐந்து நிறம் போட்ட 'ஃபமாச்சா' அட்டை செய்தார்கள். ரத்தம் குடிக்கும் புழுவுக்குத்தான் இந்தச் சோதனை. பட்டி முழுக்க அடிக்கடி ஊற்றினால் மருந்தைத் தாங்கிய புழு மட்டும் மிஞ்சிப் பெருகும்.

ஊற்றும்போது மூடிக் கணக்கு வேண்டாம். தொங்குதராசில் நிறுத்துவிடுங்கள். கிலோவுக்கு 7.5 மில்லிகிராம் என்ற கணக்கில், 25 கிலோ ஆட்டுக்கு 2.5 சதவீத அல்பெண்டசோல் 7.5 மில்லி. குறைத்து ஊற்றினால் புழுவுக்குப் பழக்கம் காட்டியதாகும். லெவமிசோல் கூடினால் வாய்நீர் ஒழுகி நடுங்கும். குளோசன்டெல் என்ற புழு மருந்து கூடினால் பார்வையே போய்விடும். சினை பிடித்த முதல் மாதத்தில் அல்பெண்டசோல் பக்கமே போகாதீர்கள். ஆட்டின் தலையை அண்ணாந்து பிடித்து ஊற்றினால் மருந்து நுரையீரலுக்குப் போகும். முகம் நேராக இருக்கட்டும், கடைவாய் வழியாக மெதுவாக விடுங்கள்.

மருந்து வேலை செய்ததா என்ற சந்தேகத்துக்கு ஒரே வழி புழுக்கைப் பரிசோதனை. ஊற்றும் முன்பும், 10 முதல் 14 நாள் கழித்தும் கொடுத்துப் பார்க்க வேண்டும். முட்டை எண்ணிக்கை 95 சதவீதமாவது குறையாவிட்டால் அந்த மருந்தை மருத்துவரிடம் பேசி மாற்றுங்கள்.

சந்தையில் வாங்கிய ஆட்டை நேரே பட்டியில் விடாதீர்கள். மருந்துக்குச் சாகாத புழு அதன் வயிற்றில் வரலாம். தனியாகக் கட்டி, மருந்து ஊற்றி, புழுக்கை சுத்தம் என்று தெரிந்த பிறகே மற்றவற்றோடு மேய விடுகிறேன்.